பன்னிரண்டு மஞ்சள் சட்டைகள்

1

இந்த வாரம் குழுவின் சட்டைகள் இருக்கும் பை எங்கள் வீட்டில் இருக்கிறது.

நெதர்லாந்தில் பிள்ளையை ஒரு கால்பந்துக் குழுவில் சேர்த்துவிட்டால், பெற்றவர்களையும் சேர்த்தே சேர்த்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை வெளியூர் ஆட்டத்துக்கு நாலு பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் போக வேண்டும். கேன்டீனில் நின்று மற்ற பெற்றோருக்குக் காபி ஊற்றிக் கொடுக்க வேண்டும். முறை வந்தால் சட்டை துவைக்க வேண்டும். சட்டைகள் குழுவுக்குச் சொந்தம் என்பதால் ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி ஒரே பையில் போட்டுவிடுவார்கள். அந்தப் பை வாரம் ஒரு வீட்டுக்குப் போகும். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் சேற்றுச் சட்டையை நான் துவைக்கிறேன் என்று கம்பம் பக்கத்தில் எங்கள் ஊரில் சொன்னால், இதற்காகவா இன்ஜினியரிங் படித்துவிட்டு அவ்வளவு தூரம் போனாய் என்று கேட்பார்கள்.

குழுவைக் கவனித்துக்கொள்ளும் அம்மையார் ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பு அனுப்புவார். சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுத் துவைக்கவும், இல்லாவிட்டால் மார்பில் இருக்கும் எழுத்து உரிந்துவிடும். வந்து இத்தனை வருடமாகியும் இந்த ஊர் மொழியில் நாலு வரியைப் படிக்க எனக்கு இரண்டு தடவை கண்ணை ஓட்ட வேண்டியிருக்கிறது. எழுதுவது அதைவிட மோசம். முதல் முறை துவைத்து முடித்ததும், சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன் என்று எழுதுவதற்குப் பதில் பிள்ளைகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன் என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். என் மகள் இனியா ஒரு வாரம் என்னோடு மைதானத்துக்கு வரவே மறுத்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பாவால் ஏற்படும் வெட்கத்துக்கு அளவே இல்லாத வயது அது.

போன சனிக்கிழமை குளியலறைத் தரையில் உட்கார்ந்து சட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். எல்லாச் சட்டையின் மார்பிலும் எங்கள் தெருமுனை ரொட்டிக் கடையின் பெயர், முதுகில் ஆளுக்கொரு எண். சட்டை வாங்கித் தந்தது அந்தக் கடைக்காரர்தான். கதவருகில் இனியா நின்று எது தன் சட்டை என்று தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்து விழுந்தது.

2

அனுப்பியவர் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பி.டி. டீச்சர். நான் படித்த பள்ளி. கம்பத்திலிருந்து கூடலூர் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிறது. கோ-கோ விளையாடும் பெண்களின் பயிற்சி வீடியோக்களை டீச்சர் அடிக்கடி அனுப்புவார். நானும் பார்த்துவிட்டுக் கைதட்டும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவேன். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, ஈரக் கையோடு தொட்டுத் திறந்தேன்.

கொடிக்கம்பத்துக்கு முன்னால் பன்னிரண்டு பெண்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் அணித் தலைவி பவித்ரா, ஒன்பதாம் வகுப்பு. ஓடும்போது பிடிக்கவே முடியாத பெண், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வணக்கம் ஐயா. தாங்கள் அன்போடு வழங்கிய சீருடையைத் தேனி போட்டியில் திருப்பி அணிந்து, தங்கள் பெயரை மறைத்ததற்கு எங்கள் அணியின் சார்பாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். இனிமேல் இவ்வாறு நடக்காது."

மனப்பாடம் செய்த குரல். பிறகு பன்னிரண்டு பேரும் ஒன்றாக நன்றி ஐயா என்றார்கள். கடைசியில் நின்ற ஒரு சிறு பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, பக்கத்துப் பெண் அவளை இடித்தாள். அதோடு வீடியோ முடிந்தது.

இனியா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

"இவங்க தோத்துட்டாங்களா ப்பா?"

இல்லை, ஜெயித்துவிட்டார்கள், மாவட்டத்திலேயே முதலிடம் என்றேன்.

"அப்போ எதுக்கு ஸாரி சொல்றாங்க?"

சட்டை துவைக்க வேண்டும், அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. யாரிடம் கேட்கிறார்கள் என்றாள். தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.

3

வாசகர்களுக்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இப்போது கல்விச் சீர் என்று ஒன்று நடக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுபோவது போல ஊரே மேளதாளத்தோடு அரசுப் பள்ளிக்குச் சீர் கொண்டுபோகும். தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு நோட்டுப் புத்தகம், நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் சுத்தப்படுத்தும் இயந்திரம் எல்லாம் வரும். தலைமை ஆசிரியர் வாசலில் நின்று சம்பந்தி போல வரவேற்பார். நான் படித்த காலத்தில் இது இல்லை. அப்போது பள்ளிப் பக்கம் மேளச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இழவு என்று அர்த்தம்.

பள்ளியும் நன்றாகத்தான் ஏறி வந்திருக்கிறது. பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பெரிய பிளக்ஸாக அடித்து பஸ் நிறுத்தத்தில் வைக்கிறார்கள். அரசு உதவித்தொகைத் தேர்வில் வருடா வருடம் சிலர் தேறுகிறார்கள். அறிவியல் கண்காட்சிக்கு வருசநாட்டுப் பக்கத்துப் பள்ளிகள் வரை வந்து போயிருக்கின்றன. அந்த பிளக்ஸின் மூலையில், முன்னாள் மாணவர் என்று வட்டத்துக்குள் என் படமும் ஒரு தடவை வந்தது. கோட்டுப் போட்டு எடுத்த படம். இங்கே குடியுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்தது. அதில் சிரிக்கக் கூடாது என்று விதி. அதனால் பஸ் நிறுத்தத்தில் ஊரையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

கோ-கோ அணி அந்த டீச்சர் வந்த பிறகு உருவானது. பயிற்சி விடிகாலையில். பாதிப் பெண்களின் அம்மாமார் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு மலை ஏறும் ஜீப்பில் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். அம்மா ஜீப் ஏறியதும் மகள் மைதானத்துக்கு வந்துவிடுவாள். பழைய பச்சைச் சட்டை, ஆளுக்கொரு நிறத்தில் வெளுத்தது. அதை வீடியோவில் பார்த்துத்தான், இந்த வருடச் சீரில் அணிக்குச் சட்டை என் பொறுப்பு என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா திராட்சை விவசாயி. நானும் அவரும் பேசுவதென்றால் விலை, மழை, மருந்தடிப்பு. இந்தச் சட்டை விஷயம் எங்களுக்குப் பேச ஒரு புது சங்கதியானது. துணி எது, நிறம் எது என்று தினம் போன் போட்டார். கம்பத்தில் அச்சடிக்கக் கொடுத்தவர், எனக்குத் தெரியாமல் ஒரு வேலையும் செய்தார். சீர் ஊர்வலம் முடிந்து படம் வந்தபோதுதான் பார்த்தேன். பன்னிரண்டு மஞ்சள் சட்டை. ஒவ்வொன்றின் முதுகிலும் நீல எழுத்தில், "உபயம்: பெ. சரவணன், நெதர்லாந்து". அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக எண். பள்ளியின் பெயர் முன்பக்கம் ஒரு ஓரத்தில்.

வீரபாண்டித் திருவிழாவில் மோர்ப் பந்தல் போட்டாலும், கோயிலில் ஒரு டியூப்லைட் மாட்டினாலும் பெயர் எழுதுவது எங்கள் ஊர் வழக்கம். அப்பாவுக்கு அது தவறாகவே தோன்றியிருக்காது. அவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவும் இல்லை. என் முதலெழுத்தாக மட்டும் நின்றுகொண்டார்.

தவறு என்று தெரிந்திருக்க வேண்டியவன் நான். இங்கே அந்த ரொட்டிக் கடைக்காரர் தன் பெயரைப் போட, கிளப் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று அளவு வாங்கி, அவர்கள் சரி என்ற பிறகே அச்சடித்தார். அதை முடிவு செய்த கிளப் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் பள்ளி விஷயத்தில் மட்டும், அங்கேயும் விதி ஒன்று இருக்கும், கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாததுகூடப் போகட்டும். அந்தப் படத்தைப் பார்த்து எனக்குப் பிடித்திருந்தது. கோ-கோவில் விரட்டும் அணியில் எட்டுப் பேர் மைதான நடுவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நாலு முதுகு தெரியும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நான் தெரிவேன். அந்தப் படத்தை அலுவலகத்தில் நாலு பேருக்குக் காட்டினேன்.

4

தேனியில் மாவட்டப் போட்டி. நடந்ததை டீச்சர் பிற்பாடு சொன்னார். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நடுவர் அணியைக் கூப்பிட்டு முதுகைப் பார்த்திருக்கிறார். பள்ளிப் பெயரும் எண்ணும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, சட்டையை மாற்றிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் எதிரணிக்கு வெற்றி என்று சொல்லிவிட்டார். மாற்றிக்கொள்ள வேறு சட்டை யாரிடமும் இல்லை. பழைய பச்சைச் சட்டைகளை ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். புதுச் சட்டை வந்துவிட்டதே என்று.

திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவள் பவித்ரா. நடுவர் சரி என்றார். கழிவறைக்குப் போய் எல்லோரும் சட்டையைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு, வெள்ளைத் தாளில் பேனாவால் எண் எழுதி, ஊக்கு வைத்து முதுகில் குத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். கோ கொடுப்பதென்றால் உட்கார்ந்திருப்பவளின் முதுகில் கையால் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஊக்கு குத்தியிருக்கிறது. அப்படியே இரண்டு ஆட்டம் ஆடி, இறுதியிலும் ஜெயித்தார்கள்.

கோப்பையோடு எடுத்த படம் அன்று சாயங்காலம் முன்னாள் மாணவர் குழுவில் வந்தது. தையல் எல்லாம் வெளியே தெரியும் மஞ்சள் சட்டைகள். ஒரு பெண்ணின் காலர் பட்டியில் அளவுச் சீட்டு தொங்கியது. பன்னிரண்டு முகங்களும் பற்கள் தெரியச் சிரித்தன.

அந்தப் படத்தில் நான் முதலில் தேடியது கோப்பையை அல்ல, என் பெயரை. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

தேடியதோடு நிற்கவில்லை. அன்று அப்பாவோடு பேசும்போது, போகிற போக்கில், என்னப்பா, பேரையே காணோம் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். கேட்டதை அன்றே மறந்தும்விட்டேன்.

5

வீடியோ பார்த்த கையோடு அப்பாவுக்குப் போன் போட்டேன். பிள்ளைகளை ஏன் மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள் என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. கோபப்படும் தகுதி எனக்கு இருப்பதாக அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீதானய்யா கேட்ட, பேரக் காணோம்னு."

சும்மா கேட்டேன்ப்பா என்றேன்.

"சும்மா கேக்கிறவன் அம்புட்டுத் தூரத்துல இருந்தா கேப்பான்? எனக்கு மனசே ஆறல. மறுநா ஸ்கூலுக்குப் போயி எட்மாஸ்டர்கிட்ட கேட்டேன். எம்மகன் பேரு அம்புட்டுக் கேவலமா போச்சானு கேட்டேன். அவருதான் புள்ளைகள விட்டு வருத்தம் தெரிவிக்கச் சொல்றேன்னு சொன்னாரு. நான் கேக்கல."

கேட்காமல் அவர் செய்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. பெரியப்பா மகன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டுதான் அப்பா போயிருக்கிறார் என்று அம்மா தனியாகச் சொன்னாள். எங்கள் ஊரில் மூன்று பேர் வெள்ளை வேட்டியில் ஒரு அலுவலகத்துக்குள் நுழைந்தால், அவர்கள் எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து டீச்சருக்குப் பேசினேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். அவர் அதற்கு இடம் கொடுக்காமல் வேறொன்று சொன்னார். வியாழக்கிழமை அணி மாநிலப் போட்டிக்குக் கிளம்புகிறது. பவித்ராவை அனுப்ப மாட்டேன் என்று அவள் அம்மா ராஜாத்தி சொல்லிவிட்டார்.

"அவுக நெலமையையும் யோசிக்கணும் சார். ஏலத்தோட்டத்துல வேல இல்லாதப்ப உங்க பந்தல்லதான் கொடிக் கவாத்துக்கும் காய் அறுப்புக்கும் வாராக. 'பந்தல்காரர் வீட்டுப் பேரத் திருப்பிப் போட்டுட்டு, நாளைக்கு நான் எந்தப் பந்தலுக்குப் போயி நிக்க'னு கேக்குறாக."

பவித்ரா இல்லாமல் அணி போனால்? முதல் ஆட்டத்தோடு திரும்பி வர வேண்டியதுதான் என்றார். அதைவிட, அந்தப் பெண்ணுக்கு மாநிலப் போட்டிச் சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு விடுதிப் பள்ளியில் இடம் கேட்கலாம் என்று வைத்திருந்தாராம். இப்போது அதுவும் போகிறது.

நான் ராஜாத்தியிடம் நேரில் பேசுகிறேன், நம்பர் கொடுங்கள் என்றேன். வேண்டாம் சார், நீங்க பேசினா இன்னும் பயந்துருவாக என்றார் டீச்சர்.

என் குரலுக்கு ஒருவர் பயப்படுவார் என்று எனக்கு இதுவரை தெரியாது. இங்கே நகராட்சி அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு, என் முறை வந்ததும் எழுந்து நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுப் பேசுகிறவன் நான். ராஜாத்தி என் முகமறியாமலே எனக்குப் பயப்படுகிறார்.

6

அப்பா போய்ச் சொன்னால்தான் தீரும் என்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டு, ராஜாத்தி வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அந்தத் தெருவுக்குள் அப்பா போனதில்லை. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஆரன் அடிப்பார். அவ்வளவுதான். சின்ன வயதில் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து நானும் ஆரன் அடித்திருக்கிறேன்.

"அங்கன போயி நானா நிக்க?"

நான் வர முடியாதே அப்பா என்றேன்.

"நீ பெரிய ஆளுய்யா. அங்கன உக்காந்துக்கிட்டுக் கேள்வியும் நீயே கேப்ப, அப்புறம் மன்னிப்பும் கேக்கச் சொல்லுவ. ரெண்டுக்கும் நடக்கிறது ஏங்காலு."

போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. திங்கள்கிழமை முழுக்க அலுவலகத்தில் எந்த வேலையும் ஓடவில்லை. எவ்வளவு எளிதாகக் கேட்டேன் அந்தக் கேள்வியை. காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டிருப்பேன். அது அங்கே போய் மூன்று பேருடைய வேட்டியாகி, தலைமை ஆசிரியருடைய பயமாகி, ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வீடியோவாகி என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன். அப்பா போனாராம். தெருவுக்குள் போகவில்லை. ஏலத்தோட்ட ஜீப் வந்து நிற்கும் முக்கில் முன்னாலேயே போய் நின்றுகொண்டாராம். ஜீப்பிலிருந்து இறங்கிய அத்தனை பெண்களும் பார்க்க, ராஜாத்தியைக் கூப்பிட்டு, எம்மகன் சொல்லச் சொன்னான், புள்ள மேல தப்பில்ல, போட்டிக்கு அனுப்பு என்று சொன்னாராம். என் பேரில் சொன்னார். தன் பேரில் சொல்ல அவருக்கு வரவில்லை. ஆனாலும் போய் நின்றார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

ராஜாத்தி சொன்ன பதிலை அம்மா அப்படியே ஒப்பித்தாள்.

"அனுப்புறேங்கய்யா. ஆனா அந்தச் சட்டை வேணாங்க. உங்க பேரு இருக்கு, அழுக்காயிரும்."

ராஜாத்தி கோபமாகச் சொல்லவில்லையாம். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாளாம். அம்மா அதை இரண்டு தடவை சொன்னாள்.

7

வியாழக்கிழமை காலை அணி கிளம்பிவிட்டது, பவித்ராவும்தான். பழைய பச்சைச் சட்டைகளையே தோய்த்து, டீச்சர் வீட்டில் உட்கார்ந்து முதுகில் எண்களை வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கிளம்பும் முன் பள்ளியிலிருந்து ஒரு பை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்பா படம் எடுத்து அனுப்பியிருந்தார். பன்னிரண்டு மஞ்சள் சட்டைகள், துவைத்து, இஸ்திரி போட்டு, சரியான பக்கம் திருப்பி, மேலே என் பெயர் தெரியும்படி ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து. ஒரு கசங்கல் இல்லை. படத்துக்குக் கீழே, இத என்ன செய்ய என்று மட்டும் குரல் பதிவில் கேட்டிருந்தார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. நாளைக்கு ஆட்டம் என்பதால் இந்த வீட்டுப் பையையும் கொடுத்தாக வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் காய்ந்த சட்டைகளைக் கூடத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி மடித்தேன். இனியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் திரும்பக் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். அந்தப் பெண்கள் மன்னிப்புக் கேட்டது என்னிடம்தான் என்று. சட்டை, பெயர், நடுவர், தாத்தா, ஜீப் எல்லாவற்றையும், அவளுக்குப் புரியும் தமிழில், புரியாத இடத்தில் இந்த ஊர் மொழியைத் தப்பும் தவறுமாகக் கலந்து சொல்லி முடித்தேன். பேரைக் காணோம் என்று நான் கேட்டதையும் விடவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நான் மடித்து வைத்திருந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சட்டையிலும் ரொட்டிக் கடையின் பெயர் மேலே தெரிந்தது. என்னை அறியாமல் அப்படித்தான் மடித்திருக்கிறேன்.

"இப்படி மடிக்கக் கூடாது ப்பா. நம்பர் மேல இருக்கணும். இல்லனா எது யாரோட சட்டைன்னு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு முதல் சட்டையை எடுத்து உதறினாள். அடுக்கு முழுவதையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.